இலுப்பை மரத்துப் 'புல்லுருவி': ஆத்தங்குடி அருகே ஒரு காட்டு ஆர்க்கிட், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆச்சி எனக்குப் போன் செய்தபோதே மரம் ஏறுகிறவர் வந்து கயிறு கட்டத் தொடங்கிவிட்டார். ஆத்தங்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பெரிய வீட்டின் பின்வாசலைத் தாண்டியுள்ள தோட்டத்தில் நிற்கும் பழைய இலுப்பை மரம் அது. கிழக்கே நீண்ட கிளை ஒன்று இரண்டு வருடமாகச் சரியாகத் தளிர்க்கவில்லை. "புல்லுருவி புடிச்சிருச்சு தம்பி. அடிமரத்துலேருந்து மேல வரைக்கும் அப்பிக் கெடக்கு. எல்லாத்தையும் சுரண்டிரச் சொல்லிட்டேன். செடிகொடி பாக்குற ஆளாச்சே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றார்.

அது மாசி மாதம். காரைக்குடியிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் அடிமரத்திலிருந்து ஒரு கொத்தை அரிவாளால் பெயர்த்துத் தரையில் போட்டிருந்தார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்ததும் மேலே இருந்தவரை நிறுத்தச் சொன்னேன். அது புல்லுருவி இல்லை, ஆர்க்கிட்.

அந்த ஒரு மரத்தில் மாசியிலிருந்து கார்த்திகை வரை பார்த்ததுதான் இந்த ஆய்வு. செடியின் பெயரைச் சொல்வதில் நான் ஒரு தவறு செய்தேன். அந்தப் பெயருக்கே இருநூறு வருடத்துக்கும் மேலான ஒரு குழப்பம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரே மரத்தில் இரண்டு செடிகள்

ஆச்சி சொன்னதில் பாதி சரி. மரத்தில் புல்லுருவி இருக்கத்தான் செய்தது, ஆனால் அடிமரத்தில் இல்லை. தளிர்க்காத அந்தக் கிழக்குக் கிளையில், எட்டாத உயரத்தில், புதர் மாதிரி ஒன்று மண்டியிருந்தது. தடித்த இலைகள், ஆரஞ்சு நிறத்தில் குழாய் போன்ற பூக்கள். அதுதான் நம் ஊர்ப் புல்லுருவி. தாவரவியலில் டென்ட்ரோப்தோ ஃபால்கேட்டா. மேலே இருந்தவரிடம் ஒரு சிறு கிளையை வெட்டிப் போடச் சொன்னேன். புல்லுருவி ஒட்டிய இடத்தில் இலுப்பைக் கிளை முழங்கால் மூட்டு போல வீங்கியிருந்தது. நீளவாக்கில் பிளந்து பார்த்தால் எது மரம், எது செடி என்று கோடு போட்டுப் பிரிக்க முடியவில்லை. புல்லுருவியின் உறிஞ்சு வேர் கட்டைக்குள்ளேயே இறங்கி, மரம் மேலே ஏற்றும் தண்ணீரையும் உப்பையும் வழியிலேயே எடுத்துக்கொள்கிறது. அதற்கு அப்பாலுள்ள கிளைநுனி காய்வதற்கு இது போதும்.

அடிமரத்தில் இருந்தது வேறு கதை. ஆள் உயரத்திலிருந்து முதல் கவை வரை, பெயர்த்ததையும் சேர்த்து ஏழு கொத்துகள். வார் மாதிரி நீண்ட இலைகள், நடுவில் மடிந்து, இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக அடுக்கியிருந்தன. தண்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளை வேர்கள் சணல் கயிறு போலக் கிளம்பி இலுப்பைப் பட்டையின் வெடிப்புகளுக்குள் ஓடின. பெயர்த்த கொத்து இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வேர் ஒட்டிய தடம் மட்டும்தான் இருந்தது. பட்டையில் துளையோ வீக்கமோ கிடையாது.

சொன்னால் ஆச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. மரத்தை உறிஞ்சாமல் அது எப்படி இத்தனை பச்சையாக இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்விதானே. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி, கீழே கிடந்த கொத்தின் வேரில் மெல்ல ஊற்றினேன். சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாக இருந்த வேர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் நிறமாகி, ஒரு நிமிடத்துக்குள் பச்சையாகிவிட்டது. ஆச்சி குனிந்து பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார்.

அந்த வெள்ளை உறைக்கு வெலமன் என்று பெயர். செத்துப்போன செல்களால் ஆன பஞ்சு அது. மழையையும் பனியையும் தொட்டவுடன் உறிஞ்சிக்கொள்ளும். நனைந்ததும் உறை கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பச்சை தெரிகிறது. வேரே இலை வேலையும் கொஞ்சம் பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கும் செம்புறாங்கல் பூமியில், மண்ணையே தொடாத ஒரு செடி பிழைத்துக் கிடப்பதற்கு இந்த உறை ஒரு காரணம். இன்னொரு காரணம் இலை. வாண்டா வகை ஆர்க்கிட்கள் (இந்தச் செடியும் அதில் ஒன்று என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது) வெயிலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்கின்றன. பகல் வெக்கையில் தண்ணீர் வீணாகாது. மரம் இதற்கு நிற்கும் இடம் மட்டுமே. இப்படிப்பட்டவற்றைத் தொற்றுத் தாவரம் என்கிறோம். புல்லுருவி ஒட்டுண்ணி.

அன்றைக்கு எடுத்த முடிவு: கிழக்குக் கிளையைப் புல்லுருவி ஒட்டிய இடத்துக்குக் கீழே, கட்டையோடு சேர்த்து வெட்டுவது. புல்லுருவியை மட்டும் ஒடித்தால் உள்ளே இருக்கும் வேரிலிருந்து திரும்பவும் துளிர்க்கும். அடிமரத்துச் செடிகளைத் தொடக் கூடாது. பெயர்த்த கொத்தை ஒரு பழைய வேட்டிக் கிழிசலால் அதே இடத்தில் இறுக்காமல் கட்டிவிட்டேன்.

பூ இல்லாமல் பெயர் வைத்தது

என் தவறு இங்கே. அன்று நோட்டில் 'அகாம்பே ப்ரேமோர்சா' என்று எழுதிவிட்டு வந்தேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை.

காரணம் இருந்தது. சமவெளியிலும் வறண்ட காட்டிலும் மரத்தில் தொற்றி நிற்கும் பெரிய ஆர்க்கிட் என்றால் நம் பக்கம் முதலில் நினைவுக்கு வருபவை இரண்டு: அகாம்பே ப்ரேமோர்சா, வாண்டா டெசலேட்டா. பூ இல்லாத நாளில் இரண்டும் ஒரே சாடை. இரண்டும் நுனியில் மட்டுமே வளர்ந்துகொண்டு போகும் ஒற்றைத் தண்டுச் செடிகள். இரண்டுக்கும் வார் இலை, தடித்த வேர். அகாம்பேயின் இலை நுனி யாரோ கடித்துத் துப்பியது போல இருக்கும். லத்தீனில் ப்ரேமோர்சா என்றாலே 'நுனி கடிபட்டது' என்றுதான் பொருள். நான் பார்த்த இலைகளின் நுனியும் கடித்தாற்போலவே இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டேன்.

உண்மையில் வாண்டா டெசலேட்டாவின் இலை நுனியும் அப்படித்தான். ஆனால் உற்றுப் பார்த்தால் அதில் சமமில்லாத இரண்டு மடல்களும், நடுவில் கூர்மையான ஒரு சிறு பல்லும் இருக்கும். அகாம்பேயில் நடுப்பல் கிடையாது, இலையும் இன்னும் அகலம், விறைப்பு. மாசியில் எடுத்த படங்களைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு இலைகளில் அந்தப் பல் தெளிவாகவே இருந்தது. பார்க்கத் தவறியிருக்கிறேன். அத்தோடு பழைய காய்க்கூடு ஒன்று உலர்ந்து தொங்கியது. முந்தைய பூக்காம்பு எவ்வளவு நீளம் என்று அதிலேயே கண்டுபிடித்திருக்கலாம். ஆர்க்கிட்டைப் பூவில்லாமல் அடையாளம் சொல்வதென்றால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு தடயத்தையும் அளந்து எழுத வேண்டும். நான் சாடையைப் பார்த்து எழுதினேன்.

வைகாசிப் பூ

வைகாசியில் ஆச்சியே கூப்பிட்டார். "பூத்திருக்கு. வாசனை கொல்லை முழுக்க வருது."

இரண்டு கொத்துகளில் பூக்காம்பு வந்திருந்தது. தடித்த நிமிர்ந்த காம்பு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, அதில் ஏழு பூக்கள். அகாம்பே என்றால் பூங்கொத்து இலையைவிடக் குட்டையாக, நெருக்கமாக, விரல் நக அளவு மஞ்சள் பூக்களில் குறுக்குச் சிவப்புப் பட்டைகளோடு இருக்கும். இங்கே ஒவ்வொரு பூவும் நாலரை செண்டிமீட்டர் அகலம். நோட்டில் எழுதியிருந்ததை அங்கேயே அடித்து, வாண்டா டெசலேட்டா என்று திருத்தினேன்.

ஒரு பூவைக் கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன். வெளிப்பக்கம் மூன்று, அதற்கு உள்ளே இரண்டு என ஐந்து இதழ்கள் விசிறி போல விரிந்திருக்கின்றன. அடிப்புறம் வெள்ளை. உட்புறம் மஞ்சளும் பச்சையும் கலந்த தரையில் பழுப்புக் கோடுகள் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கரை. உள்வரிசையின் மூன்றாவது இதழ் மட்டும் வேறு உருவம். ஊதா நிற நாக்கு போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் கூம்பு வடிவில் ஒரு சிறு பை. இதைத்தான் உதடு என்கிறார்கள். மொட்டில் இந்த உதடு மேல்பக்கம் இருக்கும். விரிவதற்கு முன் பூவின் காம்பு அரைச் சுற்று முறுக்கிக்கொள்வதால் கீழே வந்து, பூச்சி இறங்கத் திண்ணை போல அமைகிறது.

டெசெல்லா என்றால் லத்தீனில் சின்னச் சதுரக் கல், தரையில் பதிக்கும் சில்லு. டெசலேட்டா என்றால் 'சில்லு பதித்தது'. ஆத்தங்குடிக் கல் தளத்தில் உட்கார்ந்து இந்தப் பெயரை ஆச்சிக்கு விளக்குவதற்குக் கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை. காலடியில் இருந்த கட்டத்தைக் காட்டினால் போதும். கண்ணாடித் தட்டின் மேல் அச்சுச் சட்டம் வைத்து, கரண்டியால் வண்ணக் குழம்பை அறை அறையாக ஊற்றிச் செய்கிற கல் அது. சூளையில் வைப்பதில்லை, தண்ணீரில் ஊறவைத்தே இறுகுகிறது. கையால் ஊற்றியதால் ஒரு கட்டத்தின் வண்ணம் அடுத்ததற்குள் லேசாகக் கசிந்திருக்கும். இந்தப் பூவின் கட்டங்களும் அப்படித்தான், கோடு சுத்தமாக நிற்பதில்லை.

அப்புறம் ஒரு சோதனை. தென்னை ஈர்க்கு ஒன்றைக் கிள்ளி, பூவின் நடுவே நிற்கும் குட்டைத் தூணின் முனையில், கீழிருந்து மேலாக மெதுவாக உரசினேன். ஆர்க்கிட்டில் மகரந்தத் தாளும் சூல்தண்டும் ஒன்றாகி இப்படி ஒரே தூணாக நிற்கும். சின்ன மூடி ஒன்று கழன்று விழுந்தது. ஈர்க்கை எடுத்தபோது நுனியில் இரண்டு மஞ்சள் உருண்டைகள், அகலமான ஒரு காம்போடும் அடியில் ஒரு பசைத்தட்டோடும் ஒட்டிக்கொண்டு வந்தன. மகரந்தம் பொடியாக உதிராமல் இப்படி மூட்டையாகக் கட்டியிருப்பதுதான் பொலினியம். இரண்டு உருண்டை, ஒவ்வொன்றிலும் ஒரு வெடிப்பு: அது வாண்டாவின் அடையாளங்களில் ஒன்று. அந்த ஈர்க்கை அப்படியே இன்னொரு செடியின் பூவில், தூணின் பள்ளத்தில் வைத்து அழுத்திவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டினேன்.

பெயர் வந்த வழி

வில்லியம் ராக்ஸ்பர்க் ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவர். ஆந்திரத்தின் சாமல்கோட்டில் பல வருடம் இருந்து சோழமண்டலக் கரைத் தாவரங்களைத் தேடிச் சேர்த்து, நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு வரையவைத்தார். அந்தப் படங்கள் 1795 முதல் லண்டனில் அச்சாயின. முதல் தொகுதியின் 42வது படம் 'எபிடென்ட்ரம் டெசலேட்டம்', அதாவது நம் இலுப்பை மரத்துச் செடி. அதற்கு அடுத்த 43வது படம் 'எபிடென்ட்ரம் ப்ரேமோர்சம்', அதாவது இன்றைய அகாம்பே. நான் குழப்பிக்கொண்ட இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கின்றன. அதைப் பார்த்தபோது, ராக்ஸ்பர்க்கும் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பிரித்தறிந்திருப்பார் என்று தோன்றியது.

எபிடென்ட்ரம் என்றால் கிரேக்கத்தில் 'மரத்தின் மேல்'. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ல் மரத்தில் வளரும் ஆர்க்கிட்களை எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் போட்டுவைத்தார். இன்று அந்தப் பேரினம் அமெரிக்கக் கண்டங்களின் செடிகளுக்கு மட்டும் உரியது. நம்முடையதை அங்கிருந்து பிரித்து எடுத்தவர் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர். 1820ல் வாண்டா என்ற பேரினத்தை நிறுவி, இந்தச் செடிக்கு ராக்ஸ்பர்க்கைக் கௌரவிக்கும்படி 'வாண்டா ராக்ஸ்பர்கி' என்று பெயர் வைத்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் விதிப்படி செல்லாது. ஒரு சிற்றினத்தை வேறு பேரினத்துக்கு மாற்றினாலும் முதலில் வைத்த சிற்றினப் பெயர் கூடவே போக வேண்டும். 1795ன் 'டெசலேட்டா'வுக்குத்தான் முன்னுரிமை. தாவரவியலாளர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் சொன்ன அந்தச் சரியான இணைப்பை ஜார்ஜ் டான் 1830ல் வெளியிட்டார். 'வாண்டா டெசலேட்டா' என்பதன் பின்னால் ராக்ஸ்பர்க், ஹூக்கர், டான் என்று மூன்று பெயர்கள் வருவது இதனால்தான். ஆனாலும் பிரௌன் வைத்த பெயர் லேசில் போகவில்லை. ஹூக்கரின் மகன் ஜோசப் ஹூக்கர் 1890ல் இந்தியத் தாவரங்கள் பற்றிய தன் பெருநூலில் ராக்ஸ்பர்கி என்றே எழுதினார். அப்பா சேர்த்துவைத்த பெயரை மகனே எடுத்துக்கொள்ளவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வாண்டா என்ற சொல். அது சமஸ்கிருதச் சொல். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இந்தியச் செடிகள் பற்றி எழுதிய குறிப்புகளில் அதைப் பதிவு செய்தார். அவை அவர் இறந்த பிறகு, அதே 1795ல் அச்சாயின. 'வந்தா', 'வந்தாக' என்றால் மரத்தின் மேல் ஒட்டி வளர்வது. புல்லுருவியையும் அந்தச் சொல் குறிக்கும், ஆர்க்கிட்டையும் குறிக்கும். ஆக, ஆச்சி அடிமரத்துச் செடியைப் புல்லுருவி என்று சொன்னதும், அறிவியல் அதற்கு வைத்திருக்கும் பேரினப் பெயரும் ஒரே பார்வையில் பிறந்தவை. ஆச்சியின் வார்த்தையை அறியாமை என்று நான் எந்த இடத்திலும் சொல்ல மாட்டேன்.

இன்றைய வகைப்பாட்டில் இதன் இடம்: ஆர்க்கிடேசியே குடும்பம், அதற்குள் எபிடென்ட்ராய்டியே துணைக்குடும்பம், அதற்குள் வாண்டியே, அதற்குள் ஏரிடினே, பிறகு வாண்டா. பேரினத்தின் எல்லை மட்டும் அடிக்கடி நகர்ந்திருக்கிறது. லின்னேயஸ் காலம் முதல் அறிந்த, மஞ்சள் பூப் பூக்கும் வாண்டா ஸ்பாத்துலேட்டா 1992ல் பிரிந்து டாப்ரோபேனியா என்ற தனிப் பேரினத்துக்குப் போனது. மலையாளத்தில் அது பொன்னாம்பூ மரவாழை. எதிர்த்திசையில், மரபணு ஒப்பீட்டுக்குப் பின் 2012ல் அஸ்கோசென்ட்ரம் என்ற பேரினத்துச் செடிகள் வாண்டாவுக்குள் கொண்டுவரப்பட்டன. இந்தப் போக்குவரத்தில் அசையாமல் நிற்பது வாண்டா டெசலேட்டா ஒன்றுதான். பிரௌன் பேரினத்தை நிறுவியது இந்தச் செடியைக் கொண்டு என்பதால், இதுவே அதன் மாதிரிச் சிற்றினம். எத்தனை துண்டாக உடைத்தாலும் இது இருக்கும் துண்டுக்குத்தான் வாண்டா என்ற பெயர்.

இதைச் சொன்னபோது ஆச்சி, "சிங்கப்பூர்ப் பூவும் வாண்டாதானே?" என்றார். அவருடைய ஐயா காலத்திலிருந்து சிங்கப்பூர்ப் போக்குவரத்து உள்ள குடும்பம். 1981ல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது வாண்டா மிஸ் ஜோக்கிம். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்ணின் தோட்டத்தில் வந்த அந்தக் கலப்பினத்தை 1893ல் ரிட்லி என்ற தாவரவியலாளர் உலகுக்கு அறிவித்தார். அதன் தாய், தந்தைச் செடிகள் இரண்டும் இப்போது பாப்பிலியோனான்தே என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருப்பதால், வகைப்பாட்டின்படி அது வாண்டா இல்லை. கொல்லை இலுப்பையில் இருப்பதுதான் வாண்டா. ஆச்சி இதைப் பலருக்கும் போன் போட்டுச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

பெயர்க் குழப்பம் மருந்துக்கடை வரை போகிறது. ராஸ்னா என்ற மருந்துச் சரக்காகத் தெற்கே அரத்தைக் கிழங்கைத் தருகிறார்கள். வங்காளத்தில் அதே பெயரில் இந்த ஆர்க்கிட்டின் வேரை எடுக்கிறார்கள். பட்டையிலிருந்து வேரை உரித்தால் செடி பிழைப்பது கடினம். ஆர்க்கிட் குடும்பம் மொத்தமும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் பட்டியலில் இருக்கிறது. காட்டுச் செடியைப் பெயர்த்து விற்பது அப்பாவி வேலை இல்லை.

மரத்தின் நிலை

சிவப்பு நூல் கட்டிய பூ காய்த்தது. மற்ற பூக்களில் ஒன்றில் மட்டும் காய் பிடித்தது, அதற்கு எந்தப் பூச்சி வந்தது என்று நான் பார்க்கவில்லை. கார்த்திகையில் முதல் காய் முருங்கைப் பிஞ்சு போல விலா எலும்புகளோடு நீண்டு தொங்கியது. அது உலர்ந்து வெடிக்கும்போது உள்ளே இருந்து பறப்பது தூசு. ஒவ்வொரு விதையும் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விதைக்குள் முளைசூழ்தசை கிடையாது, அதாவது முளைக்கும் கருவுக்குக் கட்டுச்சோறு இல்லை. பட்டை வெடிப்பில் ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு பூஞ்சை அந்த விதைக்குள் நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஆயிரக்கணக்கில் பறந்தும் மரத்தில் ஏழே கொத்துகள் இருப்பதற்கு இதுவே காரணம். பழைய, வெடிப்பு விட்ட பட்டையுள்ள மரத்தை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று நட்டால் இந்தச் செடிக்கு அது ஈடாகாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதும் இதனால்தான். செட்டிநாட்டில் இப்படிப்பட்ட இலுப்பையும் புளியும் மாவும் இப்போது ஊருணிக் கரைகளிலும் ஐயனார் கோயில் காடுகளிலும் பூட்டிய வீடுகளின் கொல்லைகளிலும்தான் மிச்சம்.

கிழக்குக் கிளையை வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத் துளிர் வந்திருக்கிறது. புல்லுருவி திரும்பவில்லை. அருகில் வேலியோரத்து வேம்பு ஒன்றில் புல்லுருவி இருப்பதால் ஒட்டும் பழத்தைத் தின்ற குருவிகள் மறுபடியும் விதையைக் கொண்டுவந்து கிளையில் தேய்க்கக்கூடும், வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும். வேட்டிக் கிழிசலால் கட்டிய கொத்தில் பழைய வேர்களில் பாதி காய்ந்துவிட்டன. புது வேர் இரண்டு வந்திருக்கிறது. அதில் ஒன்று, பச்சை நுனியோடு, துணியைத் தாண்டிப் பட்டையைத் தொட்டு ஒட்டிக்கொண்டது. இன்னொன்று இன்னும் காற்றில் நிற்கிறது. அது பிடிக்கும் வரை துணியை அவிழ்க்க வேண்டாம் என்று மரம் ஏறுகிறவரிடம் ஆச்சி சொல்லி வைத்திருக்கிறார்.